மூணரை லென்ஸும் உன் இரண்டு படங்களும்

என் கூடப் பிறந்த தேசுவுக்கு,

உன் வீட்டுக்காரர் வந்துவிட்டார், தங்கச்சி. கை கால் முழுசாக, உயிரோடு வந்துவிட்டார். நீ இருந்திருந்தால் முதலில் இதைத்தானே கேட்டிருப்பாய்? அதனால் முதலில் இதைச் சொல்லிவிட்டேன். மற்றதை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

முந்தாநாள் மத்தியானம். ஆடிக் கிருத்திகைக்கு நாலைந்து நாளே இருப்பதால் மலையடிவாரத்துப் பொய்கைத் தெருவில் கால் வைக்க இடமில்லை. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒரு குடும்பத்தைக் கடை வாசல் வெயிலில் நிறுத்திவிட்டு, நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தேன். காமிராவின் பின்கண்ணாடியில் அவர்கள் எல்லாரும் தலைகீழாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தெருவில் காக்கிச் சட்டை போட்ட இன்னொரு ஆளும் தலைகீழாக வந்து நின்றார். துணியை விலக்கி நிமிர்ந்து பார்த்தால் முனுசாமி மாப்பிள்ளை.

வேலை முடிகிற வரைக்கும் ஓரமாக நின்றார். இளைத்து, கறுத்து, காதோரம் இரண்டு நரைகூட விழுந்திருக்கிறது. சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். நான் தபாலில் அனுப்பிய உன் படம்தான். அஸ்ஸாம் மழை தின்றது போக ஒரு கன்னமும் மூக்குத்தியும் மட்டும் மிச்சம்.

"ஊறிப் போயிடுச்சுங்க மச்சான். நெகடிவ் உங்ககிட்டதான இருக்கும்? இன்னொண்ணு போட்டுக் குடுங்க. வூட்ல மாட்டணும்" என்றார்.

"ஆங், இருக்குது. போட்டுத் தரேன் மாப்ள" என்றேன். வியாழக்கிழமை மத்தியான ரயிலில் வருவதாகச் சொல்லிவிட்டுத் திருவாலங்காட்டுக்குத் திரும்பிப் போனார். வியாழக்கிழமை என்பது இன்றைக்கு, தேசு. இப்போது காலை எட்டு மணி இருக்கும்.

நெகடிவ் இருக்கிறது. ஒன்றில்லை, இரண்டு இருக்கிறது. ஒன்று அவருக்குத் தெரிந்த படம். மற்றது, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாத படம். முதலாவதைக் கொடுத்தால் என் மானம் பிழைக்கும். இரண்டாவதைக் கொடுத்தால் நான் அவருக்கும் உனக்கும் செய்தது வெளியே வந்துவிடும். இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொடியில் காய வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். எதை எடுத்துக் கொடுக்கட்டும்?

இந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைக்கப் போவதில்லை. நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். மூடி வைத்த காரியம் என்ன செய்யும் என்று நம் வீட்டில் பார்த்தாயிற்று. படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

இரண்டு வருஷம் முன்னால் வைகாசியில் உனக்குக் கல்யாணம். பதினோரு நாள் அவரோடு இருந்தாய். லீவு முடிந்து, ஜப்பான் சண்டைக்குப் பட்டாளத்து லாரி ஓட்ட அவர் அஸ்ஸாமுக்குப் போய்விட்டார். ஊர் வழக்கப்படி ஆடி பிறந்ததும் உன்னைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆடி போனதும் திருப்பி அனுப்ப வேண்டியவளுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல். அப்புறம் இருமல். அப்புறம் ஒரு நாள் நீ துப்பிய எச்சிலை அம்மா மண் போட்டு மூடினாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் க்ஷயம், எலும்புருக்கி என்றார். நல்ல காற்றும் வெயிலும் வேண்டும் என்றார். நாங்கள் என்ன செய்தோம்? காற்றும் வெயிலும் எட்டிப் பார்க்காத உள்ளறையில் உன்னைப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினோம். உன் மாமியார் வீட்டுக்கு, அம்மாவுக்கு முடியவில்லை, பெண் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள் என்று சொல்லி அனுப்பினோம்.

"திருவாலங்காட்டுக்குத் தெரிஞ்சா நோவுக்காரப் பொண்ண அவங்க தலையில கட்டிட்டோம்னு சொல்லுவாங்கடா. சண்டைல கீற பையனுக்கு எழுதினா அவன் மனசு எங்க நிக்கும்? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா இன்னா பண்றது?" என்பாள் அம்மா.

பழியை அம்மாவின் தலையில் போட்டுவிட்டு நான் கைகழுவ முடியாது. எனக்கும் ஒரு காரணம் இருந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நம் கடையில் ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு ஜரிகைத் தலைப்பாகையும் மாட்டியிருக்குமே, படம் எடுக்க வருகிறவன் எல்லாம் அதைத்தானே போட்டுக்கொண்டு உட்காருவான். போட்டோக்காரன் வீட்டில் க்ஷயம் என்று தெரிந்தால் அந்தக் கோட்டை எவன் தொடுவான்? ஒரு கோட்டுக்காக உன்னை அடைத்து வைத்தேன், தேசு.

அதைவிடப் பெரிய பாவம் கடிதங்கள்.

உனக்கு எழுதப் படிக்க வராது. படுத்தபடி நீ சொல்வாய், கட்டிலுக்குப் பக்கத்தில் பலகையை வைத்துக்கொண்டு நான் எழுதுவேன். "எனக்கு ஒடம்பு ஆவலன்னு எழுதுண்ணா. ஒரு வாட்டி வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போச் சொல்லுண்ணா" என்பாய். நான் எழுதியது வேறு. 'இங்கு யாவரும் க்ஷேமம். நானும் முன்னைக்கு இப்போது கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறேன்.' எழுதி முடித்து, நீ சொன்னதையே எழுதியதுபோல உனக்குப் படித்தும் காட்டுவேன். காகிதத்தில் இல்லாத வார்த்தைகளை வரிவரியாக விரல் வைத்துப் படிப்பேன். நீ தலையாட்டுவாய்.

இப்படி ஐந்து கடிதம். அவரிடமிருந்து வந்த பதில்களிலும் நடுவில் நாலு வரியை விழுங்கிவிட்டுத்தான் படித்தேன். நீ சௌக்கியமாக இருப்பது கேட்டு சந்தோஷம் என்று அவர் எழுதியிருப்பதை உன்னிடம் எப்படிப் படிப்பது? கடைசியில் ஒருநாள் நீயே ஒரு முடிவுக்கு வந்தாய்.

"எழுத்துல சொன்னா அவருக்கு ஒறைக்கலபோலகீது. படம் புடிச்சு அனுப்பு. என் கண்ணப் பாத்தா வந்துருவாரு. கண்ணு மட்டும் நல்லா தெரியணும்ணா."

நான் போட்டோக்காரன். மறுக்க என்ன காரணம் சொல்வேன்?

அந்த உள்ளறையில் படம் எடுப்பது என்பது கிணற்றுக்குள் படம் எடுப்பது மாதிரி. ஒரே ஜன்னல். அதற்கும் எதிரில் பக்கத்து வீட்டுச் சுவர். பதினோரு மணி வாக்கில் அந்தச் சுண்ணாம்புச் சுவரில் அரை மணி நேரம் வெயில் விழும், அதிலிருந்து தெறித்து வருகிற வெளிச்சம்தான் உன் முகத்துக்கு. என்னிடம் இருந்த லென்ஸின் கண் சின்னது. எட்டாம் நம்பருக்கு மேல் திறக்காது; லென்ஸில் நம்பர் குறையக் குறையத்தான் கண் பெரிது. அந்த வெளிச்சத்தில் மூடியை எடுத்துவிட்டு ஐந்து எண்ண வேண்டும். ஐந்து எண்ணுவதற்குள் நீ இரண்டு தரம் இருமுவாய். மெக்னீசியம் பவுடரைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கலாம், ஆனால் அந்தப் புகை உன் நெஞ்சுக்குள் போனால்? முற்றத்துக்குத் தூக்கி வந்து ஐந்தே நிமிஷம் உட்கார வைக்கிறேன் என்று அம்மாவின் காலைப் பிடித்தேன். தெருவே எட்டிப் பார்க்கும் என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

ஆக, உன்னை வெளிச்சத்துக்குக் கொண்டுவர எங்களுக்கு மனசில்லை. இருட்டிலேயே படம் பிடிக்கிற லென்ஸைத் தேடி நான் பட்டணத்துக்கு ரயில் ஏறினேன். இதைவிடக் கேவலம் உண்டா, சொல்.

பழைய காமிரா சாமான் விற்கிற ஒரு கடையில் இரண்டு லென்ஸை எடுத்து வைத்தார்கள். ஒன்று ஆறேகால் நம்பர். கைக்கு அடக்கமாக, ஷட்டரோடு, புதுசு மாதிரி. மற்றது மூணரை. பித்தளைக் குழாய், சொம்பு கனம், ஷட்டர் கிடையாது, மூடியைக் கழற்றிப் போட வேண்டியதுதான். ஆனால் வாய் எவ்வளவு பெரிது தெரியுமா? உன் உள்ளங்கை உள்ளே போகும். இரண்டையும் கடையின் இருட்டு மூலைக்குக் கொண்டுபோய், சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் பிம்பத்தை ஒரு வெள்ளைத் தாளில் விழவைத்துப் பார்த்தேன். ஆறேகாலில் ஏதோ நிழலாட்டம். மூணரையில் காலண்டர் சாமியின் முகம் சிவப்பும் மஞ்சளுமாகத் தாளில் வந்து உட்கார்ந்தது.

"இன்னா வேலைக்கு நைனா?" என்றார் கடைக்காரர். "கல்யாணம், க்ரூப்பு, ஆபீசருங்க, எல்லாத்துக்கும் வோணும்னா ஆறேகால எத்துகினு போ. காலம் பூரா சோறு போடும். மூணரை மூஞ்சிக்கு மட்டும்தான். வெளிச்சத்தக் குடிக்கும், ஆனா கண்ண வெச்சியா, கண்ணு மட்டும் தெளிவா நிக்கும். காத வெச்சியா, காது மட்டும் நிக்கும். ரெண்டும் ஒண்ணா வோணும்னா அதால ஆவாது."

அவர் சொன்னது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டில் ஐந்து என்றால் ஆறேகாலில் மூன்று. மூணரையில் ஒன்றே ஒன்று. தேசுவால் மூன்று எண்ணும் வரை மூச்சைப் பிடிக்க முடியாது. ஒன்று எண்ணும் வரை முடியும். வேறு யோசனையே இல்லாமல் மூணரையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரயிலேறினேன். இப்போது அரக்கோணத்திலிருந்துகூட ஆட்கள் வந்து, மங்கல் வெளிச்சத்தில் முகம் எடுக்க என்ன லென்ஸ் வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். எதிரில் உட்காருகிறவர்களால் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியும் என்று முதலில் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்கிறேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று சிரிக்கிறார்கள்.

சண்டைக் காலத்தில் படம் பதிகிற கண்ணாடி பிளேட்டுக்கு எவ்வளவு பஞ்சம் என்று உனக்கே தெரியும். நல்ல பிளேட் இரண்டே இரண்டுதான் இருந்தது. தை மாசம், பொங்கல் கழிந்த வாரம். தலையணையை அணைவாக வைத்து உன்னைச் சுவரில் சாய்த்தேன். எதிர்ப்பக்கம் வெள்ளை வேட்டியைக் கட்டி இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தை உன் பக்கம் திருப்பினேன். கறுப்புத் துணிக்குள் போனேன். "சாமியார் குகைக்குள்ள போயிட்டாரு" என்று நீ வழக்கம்போலக் கேலி செய்தாய். குரல் காற்றாக வந்தது.

இருட்டான அறையில் பின்கண்ணாடியில் என்ன தெரியும்? எதுவும் தெரியாது. பெண்களாக இருந்தால் ஒன்று மட்டும் தெரியும், மூக்குத்திக் கல். அதன் மினுக்கல் ஊசி முனையாக ஆகிற வரைக்கும் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துவேன். ஒன்பது வருஷமாக இந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் அப்படித்தான் எடுத்தேன். எட்டாம் நம்பரில் மூக்குத்தி சரியாக இருந்தால் காதுத் தோடுவரை சரியாக இருக்கும். கை அந்தப் பழக்கத்திலேயே போயிற்று. மினுக்கல் முனையாகியது. மூடியை எடுத்தேன். ஒன்று. மூடினேன். நீ இருமவில்லை.

என்னவோ சந்தேகம் தட்ட, பிளேட்டை எடுத்துவிட்டு பூதக்கண்ணாடி வைத்து மறுபடியும் பார்த்தேன். மூக்குத்தியில் ஒவ்வொரு கல்லையும் எண்ணலாம். அதற்கு அரை விரற்கடை பின்னால் இருந்த உன் கண்கள் இரண்டும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோலக் கரைந்து கிடந்தன. கடைக்காரர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"இன்னாண்ணா ஆச்சு?"

சொன்னேன். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, அது அடங்கக் கால் மணி ஆயிற்று. "ஒம்போது வருசமா எல்லாப் பொம்பளைங்க மூக்கத்தான் பாத்துகினு இருந்தியா? மூக்குத்தியக் கழட்டிடட்டுமா?"

கதவோரம் நின்ற அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "வாயக் கழுவுடி! புருசன் சண்டைல கீறான், மூக்குத்தியக் கழட்றாளாம்!"

கழற்றினாலும் பிரயோஜனம் இல்லை, கண்ணுக்கு நேராக எனக்கு ஒரு அடையாளம் வேண்டும் என்றேன். நீதான் மாடத்திலிருந்த மலைக்கோயில் திருநீற்றைக் காட்டினாய். "கண்ணு ஓரத்துல ஒரு பொட்டு வெச்சுக்கறேன். அதப் பாத்துப் புடி. அப்பறம் தொடச்சுக்கறேன்" என்றாய். படுத்த படுக்கையாகக் கிடந்தவளுக்கு வந்த யோசனை, தொழில்காரன் எனக்கு வரவில்லை. வெள்ளைப் பொட்டு கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. பிடித்தேன். தலையை அசைக்காமல் ஒரு விரலால் துடைத்துக்கொண்டாய். சுவரில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மூடியை எடுத்தேன். ஒன்று.

"பென்சில் வெச்சுப் பூசிடாத. இருக்கற மேனிக்கு அனுப்பு" என்றும் சொன்னாய். நெகடிவில் பென்சில் தடவி முகக் குறைகளை மறைப்பது எங்கள் தொழில் வழக்கம்.

கழுவிப் பார்த்தபோது எனக்கு இடி விழுந்தது, தேசு. தப்பாக எடுத்த முதல் படத்தில் நீ கல்யாணப் பெண் மாதிரி இருந்தாய். ஃபோகஸ் விலகியதில் கன்னத்துக் குழி மேவி, கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பு கரைந்து, மூக்குத்தி மட்டும் ஜொலித்தது. யாரிடம் காட்டினாலும் என்ன லட்சணம் என்பார்கள். சரியாக எடுத்த இரண்டாவது படத்தில் எல்லாம் இருந்தது. தோள் எலும்பு, வெடித்த உதடு, ஒட்டிப்போன கன்னம். நடுவில் அந்த இரண்டு கண். வா, வா என்று கூப்பிடுகிற கண். அதைப் பார்த்த எந்த மனுஷனும் அடுத்த ரயிலைப் பிடித்திருப்பான்.

இரண்டையும் எடுத்துக்கொண்டுதான் போஸ்டாபீசுக்குப் போனேன். வாசலில் நின்று யோசித்தேன். இரண்டாவதை அனுப்பினால் அதுவரை எழுதிய ஐந்து கடிதமும் பொய் என்று ஆகிவிடும். அவர் வீட்டார் வாசலில் வந்து நிற்பார்கள். அந்தக் கோட்டை எவனும் தொடமாட்டான்.

முதல் படத்தை உறையில் போட்டு ஒட்டினேன்.

"போட்டுட்டியாண்ணா?" என்றாய். "போட்டுட்டேன்" என்றேன். எதை என்று நீ கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று உனக்கு ஏன் தோன்றப் போகிறது?

அப்புறம் தினமும் காலையில் தபால்காரர் மணிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாய். மாசி பிறந்ததும் பதில் வந்தது. 'படம் கிடைத்தது. லட்சுமி மாதிரி இருக்கிறாய். எல்லோருக்கும் காட்டினேன். சண்டை முடிந்ததும் வருகிறேன்.' நான் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் படித்தேன்.

"படத்தப் பாத்துட்டாரா?"

"பாத்துட்டாரும்மா."

"பாத்துட்டுமா சண்ட முடிஞ்சுதான் வரேன்றாரு?"

நான் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அதற்கப்புறம் மணிச் சத்தம் கேட்டாலும் நீ தலையைத் தூக்கவில்லை. மாசி முடிவதற்குள் போய்விட்டாய். உன் மாமியார் வீட்டார் வந்து சேர்ந்தபோது உன்னைப் பூவால் மூடியிருந்தோம். விஷ ஜுரம், கிட்ட வராதீர்கள் என்றோம். அவருக்கும் அப்படியே எழுதினேன். கை கூசாமல் எழுதினேன்.

இன்று காலை அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொடியில் தொங்கிய இரண்டு படத்தையும் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "மொதல் படத்தையே குடுடா. போனவ போயிட்டா. அவங்க வூட்ல வேற பொண்ணு பாத்துகினு கீறாங்களாம். இருக்கறவனாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றாள். அம்மாவின் கண்ணிலும் தண்ணீர்தான். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதா, இல்லையா? நீயே சொல்லேன். உன் வாயைத்தான் நான் அடைத்துவிட்டேனே.

முதல் படத்தை அட்டையில் ஒட்டி உறையில் போட்டுவிட்டேன். இரண்டாவதை மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டேன். நான் இவ்வளவுதான், தேசு. ஒன்றரை வருஷத்தில் எனக்குத் துளி தைரியம்கூட வளரவில்லை.

*

மறுபடியும் எழுதுகிறேன். சாயங்காலம் ஆகிவிட்டது.

மாப்பிள்ளை மத்தியான ரயிலில் வந்தார். கூட்டத்தைப் பார்த்து, கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு உறையைக் கொடுத்தேன். படத்தை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் தானாகப் பேச ஆரம்பித்தார்.

"இந்தப் படம் வந்த வாரம்தான் மச்சான் எங்களுக்கு லீவு முறை வந்துச்சு. என் பேரு மொதல்ல இருந்துச்சு. கூட ஒரு பையன், அவன் அம்மாவுக்கு சீக்குன்னு அழுதுகினு இருந்தான். நான் இதக் காட்டி, என் பொண்டாட்டி எப்பிடிகீறா பாரு, நல்லாகீறா, நீ போடான்னு என் முறைய அவனுக்கு வுட்டுக் குடுத்துட்டேன்." படத்தை நிமிர்த்திப் பிடித்தார். "அப்பறம் ஒரே மாசத்துல உங்க லெட்டர் வருது. திடீர்னு ஜுரம்னு. நல்லா இருந்தவளுக்குத் திடீர்னு எப்பிடிங்க மச்சான்?"

எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. இழுப்பறையைத் திறந்து இரண்டாவது படத்தை எடுத்து அவர் மடியில் முதல் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் உன்னைப் பார்த்தார், தேசு. நீ நினைத்தது சரிதான். உன் கண்ணைப் பார்த்ததும் பாதி எழுந்தேவிட்டார். ரயிலைப் பிடிக்க எழுந்ததுபோலத்தான் எனக்குப் பட்டது. பிறகு உட்கார்ந்தார்.

"இது எப்ப எடுத்தது?"

"அதே நாள்தான் மாப்ள. அத எடுத்து அரை மணி நேரம்கூட ஆவல."

"அதே நாளா?"

எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளறை, டாக்டர், கோட்டு, கடிதங்கள், போஸ்டாபீஸ் வாசல். அழாமல் சொன்னேன், அழுதால் அவர் எனக்குச் சமாதானம் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் ஒருதரம்கூட நிமிரவில்லை. முடித்ததும் உன் படத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப அவ... இந்தப் படத்தப் பாத்துட்டும் நான் வரலன்னு நெனச்சுகினேதான் செத்தாளா?"

"ஆங்" என்றேன்.

அடித்திருக்கலாம். அடிப்பார் என்று காத்திருந்தேன். முதல் படத்தை என் மேஜைமேல் வைத்தார். இரண்டாவதை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வாங்க. அவ சொல்லி நீங்க எழுதாம வுட்டதெல்லாம் எங்க அம்மா அப்பா எதிர்ல சொன்னபடி சொல்லணும். ஒரு வார்த்த மாறக் கூடாது" என்றார். மச்சான் என்று கூப்பிடவில்லை.

போவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அம்மா தடுத்தாலும், அவர்கள் செருப்பை எடுத்தாலும், ஊர் பூராவும் தெரிந்து அந்தக் கோட்டில் கரையான் பிடித்தாலும் போவேன். ஐந்து கடிதத்தையும் நீ சொன்ன சொல் மாறாமல், நீ நிறுத்திய இடத்தில் நிறுத்திச் சொல்வேன். ஒன்றுகூட மறக்கவில்லை. எப்படி மறக்கும்?

அவர்களுக்குச் சொல்வதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த மாசி மாசமே உன் கட்டிலண்டை குனிந்து சொல்லியிருக்க வேண்டும். அவர் பார்த்தது இந்தப் படத்தை இல்லை, தேசு. உனக்கு நோவு என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருப்பார். அவர் வராமல் இருக்கவில்லை, நான்தான் வர விடவில்லை.

இப்படிக்கு,
நீ சொன்னதை எழுதாத உன் அண்ணன்,
ஏகாம்பரம்